சின்ன விமானத்துக்கு லித்தியம் பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காட்பாடிக்காரன். பதினாறு வருஷமாகச் சின்ன விமானங்களைப் பிரித்து மாட்டுகிற வேலை, வெளியூரில் ஒரு பிளையிங் ஸ்கூலில். லீவில் ஊருக்கு வந்தால் மைத்துனரின் பேட்டரி கடையில்தான் பொழுது போகும். அங்கே டீ குடிக்க வருகிறவர்கள், என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போன பையன்கள், சொந்தமாக மைக்ரோலைட் என்கிற குட்டி விமானம் வைத்திருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் போடுகிற இரண்டு மூன்று பேர் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் பேசப்போவது இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கும் ரேடியோ, லைட்டுக்கும் இருக்கிற மெயின் பேட்டரியைப் பற்றி. மின்சாரத்திலேயே பறக்கிற விமானம் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் வரும்.

லித்தியம் என்றாலே பற்றி எரியும் என்கிறார்களே அண்ணா, அதைப் போய் விமானத்தில் வைப்பதா?

வேலூர்க்காரர்கள் இதைக் கேட்பதில் தப்பே இல்லை. 2022 மார்ச்சில் சின்ன அல்லாபுரத்தில் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு அப்பாவும் மகளும் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் ரொம்ப நாள் யாரும் வண்டியை வீட்டுக்குள் ஏற்றி சார்ஜ் போடவில்லை. ராணிப்பேட்டையில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலையே ஓடுகிறது, ஆனாலும் அந்த பயம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஆனால் லித்தியம் என்பது ஒரே சரக்கு இல்லை. கடையில் அரிசி என்று கேட்டால் ஆரணி அரிசியா, பாசுமதியா, இட்லி அரிசியா என்று திருப்பிக் கேட்பார்கள் அல்லவா, அது மாதிரி. போன், லேப்டாப்பில் காலங்காலமாக வருவது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. பல வண்டிகளில் வருவது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் கலந்தது. சின்ன விமானத்துக்கு என்று இப்போது விற்கிற ஸ்டார்ட்டர் பேட்டரிகள் அநேகமாக எல்லாமே லித்தியம் இரும்பு பாஸ்பேட். செல் சூடாகி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, தானாகவே எகிறிப் போவதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறோம். கோபால்ட் வகையில் அது சுமார் 150 டிகிரியில் ஆரம்பித்துவிடும், மூன்று கலந்ததில் சுமார் 210, இரும்பு பாஸ்பேட்டில் சுமார் 270. இரும்பு பாஸ்பேட் தன் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், சுலபத்தில் விடாது, அதனால் எரிகிற வேகமும் குறைவு. எரியவே எரியாது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட் திரவம் எரியும், அதன் ஆவியும் எரியும், அந்தப் புகை விஷம்.

ஒரு கொசுறு: இந்த இரும்பு பாஸ்பேட்டை பேட்டரிக்கு எடுத்து வந்தது ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் அமெரிக்க ஆய்வகம். 1997இல் வந்த அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அக்ஷய பாதி, நம் நாட்டுக்காரர். குட்இனஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தபோது வயது 97.

போயிங்கிலேயே பேட்டரி எரிந்ததே, அவர்களாலேயே முடியாததை நாம் செய்வதா?

2013 ஜனவரியில் நடந்தது. பாஸ்டனில் நின்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787இல் பேட்டரி எரிந்தது, ஒன்பது நாள் கழித்து ஜப்பானில் இன்னொரு 787 பேட்டரி புகைந்து அவசரமாக இறக்கினார்கள். உலகத்தில் இருந்த 787 எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள், ஏர் இந்தியாவின் ஆறும் அதில் உண்டு. அது கோபால்ட் வகை. அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்: பேட்டரியை ஒரு துருப்பிடிக்காத இரும்புப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே எரிந்தாலும் புகை நேராக விமானத்துக்கு வெளியே போகிற மாதிரி குழாய் வைத்தார்கள். அதாவது எரியாது என்று நம்பி உட்காரவில்லை, எரிந்தால் எங்கே போகும் என்று யோசித்தார்கள்.

நம் அளவுக்கு நெருக்கமான சம்பவம் அதற்கு முன்னாலேயே நடந்தது. 2011இல் செஸ்னாவின் சைட்டேஷன் சிஜே4 என்ற சின்ன ஜெட்டில், தரையில் வெளிக் கரண்ட் கொடுத்து சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது லித்தியம் பேட்டரி பற்றியது. உடனே அமெரிக்க விமானத்துறை அவசர உத்தரவு போட்டு, லித்தியத்தைக் கழற்றி நிக்கல் காட்மியமோ ஈயமோ மாட்டச் சொன்னது. கவனித்தீர்களா, பறக்கும்போது இல்லை, சார்ஜ் ஆகும்போது. ஸ்கூட்டரும் சார்ஜில்தான். இந்தக் கதையில் பாதிக்கு மேல் சார்ஜ் பற்றியதுதான்.

எடை எவ்வளவு குறையும்?

எல்லாரையும் மயக்குவது இதுதான். பழைய 12 வோல்ட் செஸ்னா, பைப்பர்களில் வருகிற 33 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவுக் கணக்கு) ஈய பேட்டரி 13 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு சிப்பம் சிமெண்ட்டில் கால்வாசி. அதே இடத்துக்கு எர்த்எக்ஸ் மாதிரி கம்பெனி கொடுக்கும் லித்தியம் சுமார் இரண்டரை கிலோ. முதல் தடவை கையில் எடுத்தபோது உள்ளே ஒன்றும் இல்லாத டம்மி பீஸை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். மைத்துனர் சிரித்தார், "இத்தனை காசு கொடுத்து காலி டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கீங்க மாமா" என்று.

சரி, பத்து பதினோரு கிலோ மிச்சம். உடனே சந்தோஷப்படாதீர்கள். அந்தப் பேட்டரி விமானத்தில் எங்கே உட்கார்ந்திருந்தது என்று பாருங்கள். செஸ்னா 182இல் அது வால் பக்கம், சாமான் வைக்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கும். முன்னால் இருக்கிற கனமான இன்ஜினுக்கு அது ஒரு எதிர்ப்பாரமும்கூட. ஈர்ப்பு மையத்திலிருந்து இரண்டரை மீட்டர் பின்னால் இருந்த 11 கிலோவை எடுத்தால், ஆயிரம் கிலோ விமானத்தின் மையம் ஏறக்குறைய 2.8 சென்டிமீட்டர் முன்னால் நகரும். அந்த ரகத்தில் மொத்தமாக அனுமதிக்கிற இடைவெளியே சில பத்து சென்டிமீட்டர்தான். முன்சீட்டில் கனமான இரண்டு பேர், பின்சீட் காலி, டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் என்றால் ஏற்கெனவே மூக்கு கனமாகத்தான் இருக்கும். இறங்கும்போது மூக்கைத் தூக்க கன்ட்ரோலை இன்னும் இழுக்க வேண்டியிருக்கும். அப்புறம் மிச்சம் பிடித்த எடையைச் சரிக்கட்ட வாலில் ஈயக்கட்டி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன், அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேட்டரி ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தடுப்புச் சுவரில், இருந்தால் கணக்கு தலைகீழ், மையம் பின்னால் போகும். இரண்டில் எதுவானாலும் எடைத்தாளைத் திருப்பி எழுதியே ஆகவேண்டும்.

ஏஎச் கணக்கில் ஏதோ ஏமாற்று என்கிறார்களே?

ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பாதி உண்மை. இன்ஜினை உதைத்துக் கிளப்புகிற சக்தியில் 15 ஏஎச் லித்தியம், தன்னைவிட இரண்டு மடங்கு ஏஎச் ஈய பேட்டரிக்குச் சமமாக நிற்கும். உள் எதிர்ப்பு குறைவு, அதனால் ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்புக்கு வோல்டேஜ் அவ்வளவாக விழாது, புரொப்பெல்லர் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் பெட்டியில் ஈயத்துக்குச் சமமான ஏஎச் என்று பெரிய நம்பரைப் போடுவார்கள்.

ஆனால் பறக்கும்போது, இன்ஜினால் சுற்றி கரண்ட் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் செத்துவிட்டால் அந்தப் பெரிய நம்பர் சோறு போடாது. அப்போது இருப்பது நிஜ ஏஎச் மட்டுமே. ரேடியோ, ரேடாருக்குப் பதில் சொல்கிற டிரான்ஸ்பாண்டர், கருவிகளைக் காட்டுகிற திரை எல்லாம் சேர்த்து 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 15 ஏஎச்சில் எண்பது சதவீதத்தை நம்பலாம் என்றால் 12 ஏஎச், அதாவது ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். பழைய 33 ஏஎச் ஈயம் நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மணி நேரம் தாண்டியும் இழுத்திருக்கும். சின்ன விமானங்களுக்கு 2017 வரை இருந்த அமெரிக்க விதி முக்கியமான கருவிகளுக்கு 30 நிமிஷம் போதும் என்றது, அந்தக் கணக்கில் பாஸ்தான். நீங்கள் எங்கே, எந்த நேரத்தில் பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யுங்கள். பகலில் அரை மணி சுற்றிவிட்டு இறங்குகிற மைக்ரோலைட்டுக்கு இது ஒரு கவலையே இல்லை.

வோல்ட்மீட்டர் 12.8 காட்டுகிறது, ஃபுல்தானே?

ஈயத்துக்கு ஃபுல். லித்தியத்துக்கு அது பெரும்பகுதி காலி. இரும்பு பாஸ்பேட்டில் நான்கு செல், ஃபுல்லாகி ஓய்வில் இருந்தால் 13.3 பக்கம் காட்டும். அங்கிருந்து ரொம்ப நேரம் சமதரையாகவே போகும், கடைசியில் கிணற்றில் விழுவது போல இறங்கும். ஈயம் வயசானவர் மாதிரி, முதலில் முனகும், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், நாமும் சரி மாற்றணும் என்று புரிந்துகொள்வோம். லித்தியம் முனகாது.

ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா?

என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் கேட்க மறக்கிற கேள்வி, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். எடையைப் பார்த்து பேட்டரி வாங்காதீர்கள், உங்கள் ஆல்டர்னேட்டரையும் அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரையும் பார்த்து வாங்குங்கள்.

முதல் விஷயம், கரண்ட். ஈய பேட்டரி காலியாக இருந்தால் சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், தொண்டை சின்னது. லித்தியத்துக்குத் தொண்டையே கிடையாது, கொடுக்கிறதை எல்லாம் குடிக்கும். மாஸ்டர் சுவிட்சை ஆஃப் செய்ய மறந்து பேட்டரி இறங்கிவிட்டது, வேறு பேட்டரியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்து அப்படியே கிளம்பிவிட்டீர்கள் என்றால், பேட்டரி நிறைகிற வரைக்கும் ஆல்டர்னேட்டர் தன் முழு பலத்தோடு ஓடும். சூடாகும், பெல்ட் தேயும். பேட்டரி மேனுவலில் அதிகபட்சம் எவ்வளவு ஆம்பியரில் சார்ஜ் ஏற்றலாம் என்று ஒரு வரி இருக்கும், அது உங்கள் ஆல்டர்னேட்டர் ரேட்டிங்கை விடக் குறைவாக இருந்தால் அந்த பேட்டரி உங்களுக்கு இல்லை. மைக்ரோலைட்டுகளில் வருகிற ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அதன் உள் ஜெனரேட்டர் கொடுப்பதே 250 வாட், அதாவது பதினெட்டு ஆம்பியர் சொச்சம்.

இரண்டாவது, வோல்டேஜ். நான்கு செல்லுக்கு 14.6க்கு மேல் ஏற்றக்கூடாது. ஒழுங்கான ரெகுலேட்டர் 14, 14.2 பக்கம் நிற்கும், பிரச்சனை இல்லை. ரெகுலேட்டர் பழுதாகி 17, 18 என்று ஏறினால்? ஈயம் கொதித்து ஆசிட் கக்கி நாறும், ஆனால் ஓரளவுக்கு அந்த வோல்டேஜைத் தானே விழுங்கியும் வைக்கும். லித்தியத்தில் உள்ளே இருக்கும் பிஎம்எஸ், அதாவது செல்களைக் காவல் காக்கிற சர்க்யூட் போர்டு, போதும்டா சாமி என்று பேட்டரியைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரி தப்பித்தது. ஆனால் ஆல்டர்னேட்டர் இப்போது பிடிமானம் இல்லாமல் ஓடுகிறது, துண்டித்த கணத்தில் ஒரு வோல்டேஜ் துள்ளல் வரும், அது நேராகப் போவது உங்கள் லட்ச ரூபாய் திரைக்கு. அதனால்தான் 16 வோல்ட்டைத் தொட்டால் ஆல்டர்னேட்டரையே நிறுத்துகிற ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இல்லாமல் லித்தியம் மாட்டவே கூடாது என்கிறேன். பல பழைய விமானங்களில் அது கிடையாது. ரோட்டாக்ஸில் இதே காரணத்துக்காக ரெகுலேட்டர் பக்கத்தில் 22,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள், சின்ன சோடா டின் அளவு இருக்கும், அது இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். வாங்கிய புதிதில் கழற்றி எறிந்துவிட்டு "சும்மா ஒரு டப்பா தொங்கிச்சு" என்று சொன்னவர் உண்டு.

பறக்கும்போது பிஎம்எஸ் கட் ஆகிவிட்டால் இன்ஜின் நிற்குமா?

லைகோமிங், கான்டினென்டல் மாதிரி தானே பொறியை உண்டாக்கிக்கொள்கிற மேக்னெட்டோ இன்ஜின் என்றால் நிற்காது, அதற்கு பேட்டரியே தேவையில்லை. ரோட்டாக்ஸ் 912இன் கார்ப்பரேட்டர் மாடலும் அப்படியே, இக்னிஷனுக்கு அதற்கே தனி காயில் உண்டு. கம்ப்யூட்டர் வைத்து பெட்ரோல் பீய்ச்சுகிற 912 ஐஎஸ், கார் இன்ஜினை மாற்றி மாட்டியது, எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டது எல்லாம் வேறு கதை. அதில் கரண்ட் போனால் காற்றாடி நின்றுவிடும். அப்படிப்பட்ட விமானத்தில் ஒரே ஒரு லித்தியத்தை நம்பி ஏறாதீர்கள், தனி வழியில் இரண்டாவது பேட்டரி வேண்டும்.

பேட்டரி ஜீரோ வோல்ட் காட்டுகிறது, செத்துவிட்டதா?

இதில் நானே அசடு வழிந்தேன். ஒரு விமானத்தில் கடிகாரமும் இன்னொரு சின்னப் பெட்டியும் மாஸ்டர் ஆஃப் ஆனாலும் துளித்துளியாக இழுத்துக்கொண்டே இருந்தன. மூன்று வாரம் பறக்கவில்லை. மீட்டர் வைத்தால் சுத்த ஜீரோ. ஈயப் பழக்கத்தில் "முடிஞ்சது" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டு ஓனரிடம் புதுசுக்கு விலையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மேனுவலை முழுசாகப் படித்தேன். பிஎம்எஸ் ரொம்ப இறங்கவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது, அதற்குரிய சார்ஜரை மாட்டினால் திறந்துகொள்ளும் என்று இருந்தது. மாட்டினேன், திறந்தது. ஓனர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஆனால் மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தது, உப்பியிருக்கிறது, சார்ஜ் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது என்றால் எழுப்ப முயற்சி செய்யாதீர்கள்.

கடையில் இருக்கிற சாதா சார்ஜர் போதுமா?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்று எழுதியிருக்கிற சார்ஜரை வாங்குங்கள். ஈய சார்ஜரில் சிலவற்றில் தகட்டில் படிந்த சல்பேட்டை உடைக்கிற மோடு இருக்கும், 15, 16 வோல்ட்டில் குத்துக் குத்தாக அடிக்கும். ஈயத்துக்கு வைத்தியம், லித்தியத்துக்கு விஷம். சார்ஜ் போட்டுவிட்டு ஹேங்கரை, அதாவது விமானக் கொட்டகையை, பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகாதீர்கள், ராத்திரி முழுக்க விடவே விடாதீர்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு லித்தியம் தாங்குமா?

நல்ல கேள்வி, வெளிநாட்டுக்காரர்களின் எழுத்தில் இதற்குப் பதில் கிடைக்காது, அவர்களுக்குக் குளிர்தான் கவலை. பல பேட்டரிகளுக்குக் கம்பெனி போட்டிருக்கிற மேல் எல்லை 60 டிகிரி. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 தாண்டும். நிழலில். தகரக் கூரை போட்ட ஹேங்கரில், கான்கிரீட் தரை மேல், இன்ஜினைச் சுற்றி மூடுகிற கவுலிங்குக்குள் என்ன ஆகும் என்று போன மே மாசம் பார்த்தேன். நான் வேலை செய்கிற ஊரும் நம் ஊர் மாதிரியே வேகிற ஊர். மதியம் ஒரு விமானம் இறங்கியது, ஃபயர்வாலில் இருந்த பேட்டரி பெட்டி மேல் டெம்பரேச்சர் கன்னை வைத்தேன், 50 பக்கம். பறக்கும்போது காற்று அடிக்கிறது, அதனால் பரவாயில்லை. கவுலிங்கை மூடிவிட்டு இருபது நிமிஷம் கழித்துத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. இப்போது 60ஐத் தாண்டிவிட்டது. இன்ஜின் நின்றதும் காற்று நின்றுவிடுகிறது, சிலிண்டரிலும் சைலன்சரிலும் இருக்கிற சூடெல்லாம் மேலேறி அந்தச் சின்ன அறைக்குள் நிறைகிறது. ஆறுவதற்குள் அடுத்த மாணவன் வந்து ஸ்டார்ட் செய்வான், அந்தச் சூட்டிலேயே சார்ஜும் ஏறும்.

ஒரே நாளில் எரிந்துவிடாது, ரன்அவேக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. ஆனால் ஆயுள் கரையும், உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் வேகும். அதனால் நம் பக்கத்தில் லித்தியம் வைப்பதானால் ஃபயர்வாலிலிருந்து நகர்த்தலாமா என்று முதலில் பாருங்கள், முடியாவிட்டால் பேட்டரி பெட்டிக்குத் தனியாக ஒரு காற்றுக்குழாய் கொடுங்கள், நிறுத்தியதும் எண்ணெய் பார்க்கிற மூடியையாவது திறந்து விடுங்கள். பேட்டரியை கேபினுக்குள் வைத்தால் அதிலிருந்து ஒரு குழாய் கட்டாயம் வெளியே போகவேண்டும், 787 கதை ஞாபகம் இருக்கட்டும்.

குளிர்?

ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். ஏலகிரியிலேயே அந்தக் குளிர் கிடையாது. லடாக்குக்குப் பறக்கிறவர்கள் தனியாகக் கேளுங்கள்.

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வருகிறார், பெட்டியில் போட்டு எடுத்து வரச் சொல்லலாமா?

வேண்டாம். பயணி எடுத்து வரும் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்கவேண்டும், 100 வாட் ஹவர் வரை தாராளம், 160 வரை ஏர்லைன் அனுமதியோடு இரண்டு, அதற்கு மேல் கிடையாது. 15 ஏஎச்சை 13 வோல்ட்டால் பெருக்குங்கள், 195 வந்துவிட்டது. சரக்காகத்தான் வரவேண்டும், அதுவும் பயணிகள் விமானத்தில் தனிச் சரக்காக லித்தியம் அயன் ஏற்றுவதை 2016 ஏப்ரலிலிருந்து உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ தடுத்துவிட்டது. சரக்கு விமானத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் அனுப்ப வேண்டும். 2010இல் துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய யூபிஎஸ் 747 எரிந்து இரண்டு பைலட்டும் இறந்தார்கள், அதற்குப் பின் வந்த கெடுபிடிகள் இவை. துணிமணிக்கு நடுவில் சுற்றி அனுப்புங்கள் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த விமானத்தில் உங்கள் மைத்துனரும் இருக்கிறார் என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

சட்டப்படி மாட்டலாமா?

இந்தியாவில் விடி என்று பதிவான, டைப் சர்டிபிகேட் (அந்த மாடலுக்கே அரசு கொடுத்த அங்கீகாரம்) உள்ள விமானம் என்றால் உங்கள் இஷ்டத்துக்கு மாட்ட முடியாது. அந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற மாற்றமாக இருக்கவேண்டும், பேட்டரி ரிலீஸ் சர்டிபிகேட்டோடு வரவேண்டும், லைசென்ஸ் உள்ள ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியர், கையெழுத்துப் போடவேண்டும், சந்தேகம் இருந்தால் நம் நாட்டு விமானத்துறையான டிஜிசிஏவிடம் எழுதிக் கேட்கவேண்டும். பேட்டரி மேல் டிஎஸ்ஓ சி179 என்று இருக்கிறதா பாருங்கள், ரீசார்ஜ் லித்தியத்துக்கான அமெரிக்கத் தரம் அது. அதற்குப் பின்னால் டிஓ-311 என்ற சோதனைப் பட்டியல் இருக்கிறது, 2017இல் திருத்தியதில் வேண்டுமென்றே செல்லை ரன்அவேக்குத் தள்ளி, பெட்டி தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அதே கம்பெனி அதே அளவில் டிஎஸ்ஓ இல்லாத பேட்டரியும் குறைந்த விலைக்கு விற்கும், அது வீட்டில் கட்டிய விமானங்களுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஸ்கூட்டர் பேக்கைப் பிரித்து செல் எடுத்து நானே கட்டிக்கொள்கிறேன், நான் இன்ஜினியரிங் படிக்கிறேன்.

தம்பி, டிரோனுக்குக் கட்டு, காலேஜ் புராஜெக்ட்டுக்குக் கட்டு. ஆள் ஏறுகிறதுக்கு வேண்டாம்.

மேலே இருக்கும்போது புகை வந்தால்?

உங்கள் விமானத்தின் செக்லிஸ்ட்தான் முதல். பொதுவாக மாஸ்டர் ஆஃப், ஆல்டர்னேட்டர் ஆஃப், ஜன்னலும் காற்றுத் துவாரமும் செக்லிஸ்ட் சொல்கிறபடி, கிடைத்த இடத்தில் இறங்கு. மாஸ்டரை அணைத்தால் வெளியே இழுக்கிற கரண்ட் நிற்கும், செல்லுக்குள் ஆரம்பித்ததை அது நிறுத்தாது. ஆகவே புகை குறைந்துவிட்டது என்று வீடு வரைக்கும் ஓட்டாதீர்கள். ஹாலோன் என்கிற தீயணைப்பு வாயுவை அடித்தால் சுடர் அணையும், சூடு உள்ளேயே இருக்கும், திரும்பப் பற்றும். தரையில் என்றால் தண்ணீர், நிறையத் தண்ணீர், தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி, புகை உங்கள் மேல் வராத பக்கம் நின்று ஊற்றுங்கள். மண்ணைக் கொட்டி மூடினால் சூட்டைப் பொத்தி வைத்ததாகத்தான் ஆகும்.

மெயின் பேட்டரி ஈயம்தான், அப்போ எனக்கு லித்தியம் கவலை இல்லையே?

உங்கள் பையில் என்ன இருக்கிறது? பவர் பேங்க், டேப்லெட், ஹெட்செட், கையடக்க ரேடியோ. வெயிலில் கண்ணாடிக்கு அடியில் டேப்லெட்டை வைத்துவிட்டு டீக்குப் போகிறவர்கள் எத்தனை பேர். விபத்தானால் சிக்னல் கொடுக்கிற ஈஎல்டி பெட்டியிலும் பலதில் லித்தியம்தான். 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் நின்றுகொண்டிருந்த எத்தியோப்பியன் 787இன் கூரை எரிந்தது, காரணம் மெயின் பேட்டரி இல்லை, இந்த ஈஎல்டி. மூடியை மூடும்போது உள்ளே வயர் நசுங்கியிருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பெட்டியின் பேட்டரியை மாற்றும்போது வயர் எங்கே மடிகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

முழுக்க பேட்டரியிலேயே பறக்கிற விமானம் வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ, இரண்டு பேர் உட்காரலாம், 2020 ஜூனில் ஐரோப்பிய சர்டிபிகேட் வாங்கியது. பறக்கும் நேரம் 50 நிமிஷம் வரை, மேலே கொஞ்சம் ரிசர்வ். சென்னை ஐஐடியில் ஆரம்பித்த இபிளேன் கம்பெனியும் ஒரு பறக்கும் டாக்சிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஏன் 50 நிமிஷம் என்றால், ஒரு கிலோ விமான பெட்ரோலில் ஏறக்குறைய 12 யூனிட் சக்தி இருக்கிறது. இன்ஜின் அதில் முக்கால்வாசியைச் சூடாக வீணாக்கினாலும் மூன்று யூனிட் புரொப்பெல்லருக்குப் போகும். ஒரு கிலோ லித்தியம் பேக்கில் கால் யூனிட்கூடத் தேறாது. போதாததற்கு, பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகும், பேட்டரி காலியானாலும் அதே கனம்தான். ரன்வேயைச் சுற்றி டச் அண்ட் கோ, அதாவது இறங்கியதும் உடனே கிளம்புவது, பழகுகிற மாணவனுக்குப் போதும், சத்தமும் குறைவு. வேலூர் விமான நிலையம் இருக்கிற அப்துல்லாபுரத்தில் என்றைக்காவது ஒரு பயிற்சி விமானம் இப்படிப் பறந்தால் நான் லீவு போட்டு வந்து பார்ப்பேன். அங்கே விமானம் எப்போது வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கடைசியாகச் சொல்லுங்கள், நீங்கள் என்றால் மாட்டுவீர்களா?

ரோட்டாக்ஸ் போட்ட மைக்ரோலைட், கெபாசிட்டர் சரியாக இருக்கிறது, பேட்டரி ஃபயர்வாலிலிருந்து தள்ளி இருக்கிறது, வாராவாரம் பறக்கிறீர்கள் என்றால் மாட்டுவேன், சந்தோஷமாக. அந்த ரகத்தில் ஐந்து கிலோ என்பது பெரிய விஷயம். பழைய செஸ்னா, ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இல்லை, மாசத்துக்கு ஒரு தடவை கவரை எடுக்கிறீர்கள் என்றால் மூடிய ரக ஈய பேட்டரியே போதும். பாதிக் காசு, திட்டினாலும் தாங்கும். எங்கள் ஸ்கூலில் ஈயம்தான், ஒரு நாளைக்குப் பத்து பேர் கை படுகிற விமானத்தில் மாஸ்டரை மறப்பது தினசரி நடப்பது.

பழைய லித்தியத்தை என்ன செய்வது?

காயலான் கடையில் போடாதீர்கள். ஈயத்துக்கு அங்கே விலை உண்டு, இதற்கு இல்லை, சுத்தியலால் தட்டித் திறக்கப் பார்ப்பார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி விற்ற கம்பெனிதான் திரும்ப எடுக்கவேண்டும், அவர்களிடமே கொடுங்கள். அதுவரை டெர்மினலில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில் வையுங்கள். மைத்துனர் கடைக்குப் பின்னால் அதற்கென்றே இரும்பு மூடி போட்ட ஒரு டிரம் இருக்கிறது, பக்கத்தில் யாரும் வண்டி நிறுத்தக்கூடாது என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறார், மழையில் அழிய அழியத் திரும்ப எழுதுகிறார்.